அப்பா காருக்கு மாட்டின புது காயில்

அப்பா செத்தப்புறம் எங்கண்ணன் எனக்குத் தர்றேன்னு வாய் தொறந்து சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், திண்டிவனம் வீட்டு ஷெட்டுல நிக்கிற பழைய அம்பாசிடர். கருமாதி அன்னைக்கி, கட்டின தலைப்பாவைக்கூட இன்னும் அவுக்கல, சொந்தக்காரங்க அத்தினி பேரையும் வெச்சிக்கினு சொன்னாரு: "தலைத் தெவசத்துக்கு இத விழுப்புரத்துல எங்க வீடு வரைக்கும் ஓட்டிக்கினு வந்துடு, வண்டி உன்னுது. இல்லன்னா காயலாங்கடை." எல்லாரும் சிரிச்சாங்க. அம்பது வயசுப் பொம்பளை கார் ஓட்டறதே அவங்களுக்குத் தமாஷு. நான் சிரிக்கல. வீடு, நெலம் எதையும் நான் கேக்கல, இந்தக் கார் மட்டும் வேணும். கடைசி நாலு வருஷம் அப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனது அதுலதான். முன்சீட்டுல உக்காந்துக்கினு, நான் கியர் மாத்தறப்பல்லாம் என்னை முறைச்சிப் பாப்பாரு.

வண்டிக்கு ஒரு வியாதி இருந்துச்சு. அரை மணி நேரம் ஓடும், அப்புறம் நடு ரோட்டுல நின்னுடும். எங்க பக்கத்து மெக்கானிக்குங்க எல்லாருக்கும் இதுக்கு ஒரே வைத்தியம்தான். பெட்ரோல் சூட்டுல ஆவியாயிடுச்சும்பாங்க, பானட்டத் தொறந்து பெட்ரோல் பம்பு மேல ஈரத் துணியப் போடுவாங்க. அண்ணனும் அப்படித்தான். அப்பாவும் அப்படித்தான், பொய் சொல்லக்கூடாது. துணியப் போட்டுட்டு ஒரு டீ குடிச்சிட்டு வந்தா வண்டி கெளம்பிடும். பாத்தியா, துணி போட்டதும் சரியாயிடுச்சுன்னு பெருமை வேற. நானும் நாலு வருஷம் துணி நனைச்சவதான்.

அப்பா போனப்புறம் ஒரு மார்கழிக் காலையில நின்னப்பதான் எனக்கு சந்தேகம் வந்துச்சு. பல்லு கிட்டற குளிர்ல எந்தப் பெட்ரோல் ஆவியாகும்? பானட்டத் தொறந்து ஒவ்வொண்ணா தொட்டுக்கினே வந்தேன். பம்பு சில்லுனு இருந்துச்சு. காயில் மேல கை வெச்சதும் சுரீர்னு இழுத்துக்கினேன். பிளக்குல நெருப்புப் பொறி வர்றதுக்குக் கரண்ட்டு அனுப்பற டப்பா அதான். சூடானா செத்துடுது, ஆறினா உசிரு வருது. இத்தினி வருஷமா வேலை செஞ்சது துணி இல்ல, அந்த டீ குடிக்கிற நேரம்.

கடையில புது காயில் வாங்கி மாட்டினேன். ஒலக்கூர் தாண்டறதுக்குள்ள அதுவும் போச்சு. என் தப்புதான். காயிலுக்குப் போற கரண்ட்டக் கொறைக்கிற ரெசிஸ்டர் வெச்ச வண்டிக்கான காயில் அது, நம்ம வண்டியில ரெசிஸ்டரே கெடையாது. ரெசிஸ்டர் இருக்குதான்னு கடைக்காரர் கேக்கத்தான் செஞ்சாரு. பொம்பளைக்கு என்ன தெரியும்னு நெனச்சிடுவாரேன்னு, தெரிஞ்சவ மாதிரி தலையாட்டிட்டேன். அந்த வீம்புக்கு, லாரிங்க ஹாரன் அடிக்க அடிக்க ஒரு மணி நேரம் ரோட்டோரம் நின்னேன்.

ரெண்டாவது தபா ஓம் அளக்கற மீட்டரையும் எடுத்துக்கினு போனேன். கடையிலயே வெச்சு, ரெசிஸ்டர் இல்லாத வண்டிக்கு வேண்டிய மூணு ஓம் காட்டறதப் பாத்துட்டுத்தான் வாங்கினேன். தெவசத்துக்கு மொத நாள் பேட்டரி ஒயரக் கழட்டிட்டு வேலைய ஆரம்பிச்சேன். சாவியிலேர்ந்து வர்ற ஒயரு ஒரு பக்கம், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போறது இன்னொரு பக்கம், தடி ஒயரு நடுவுல. காயிலப் புடிக்கிற கிளாம்பு லூசா இருந்தா அதிர்ந்தே கெட்டுடும்னு இறுக்கினதுல வெரல் முட்டித் தோலு உரிஞ்சிடுச்சு. சாவியத் திருப்பினேன். மொதத் திருப்புலயே புடிச்சிக்கிச்சு. அப்படியே ஸ்டியரிங்கு மேல சாஞ்சி அழுதேன். அப்பா காரியத்துலகூட நான் அப்படி அழல.

மறுநாள் கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி டோல்கேட்டு, எங்கயும் வண்டி மக்கர் பண்ணல. விழுப்புரத்துல அண்ணன் வீட்டு வாசல்ல நிறுத்திட்டு வேணும்னே இஞ்சின அணைக்காம விட்டேன். சத்தம் கேட்டு எல்லாரும் வெளிய வந்தாங்க. எனக்குக் கர்வமா இருந்துச்சு, ஏன் மறைக்கணும்?

படையல் போட்டு, காக்காவுக்கு வெச்சு, எல்லாரும் சாப்பிட்டப்புறம் அண்ணன் சாவியக் கேட்டாரு. ஒரு ரவுண்டு பாத்துட்டு வர்றேன்னு அண்ணியையும் பேரப்புள்ளைங்களையும் ஏத்திக்கினு திருவாமாத்தூர் கோயில் வரைக்கும் போயிட்டு வந்தாரு. எறங்கினதும் சாவி அவரு சட்டைப் பாக்கெட்டுக்குள்ள போச்சு. அப்பா ஞாபகமா வண்டி இங்கயே நிக்கட்டும்னாரு. மூத்தவன் வீட்டுல நிக்கறதுதான் முறைன்னு சித்தப்பா ஒத்து ஊதினாரு. எல்லாரு முன்னாடியும்தானே வாக்கு குடுத்தீங்கன்னு நான் கேட்டேன். சொந்தமெல்லாம் வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கினு இருந்துச்சு.

அண்ணனுக்குக் கோவமே வரல. கொழந்தைக்குப் புரிய வெக்கிற மாதிரி சொன்னாரு.

"அது ஓடாதுன்னு நெனச்சுதாம்மா தர்றேன்னு சொன்னேன்."

அப்புறம், புதுசா மாட்டுனியே காயிலு, அது எத்தினி வருஷம் தாங்கும்னு கேட்டாரு. இன்னைக்கோ நாளைக்கோ போயிடும்னு ஏதாச்சும் சொல்லி அவரு வயித்துல புளியக் கரைச்சிருக்கலாம். பத்து வருஷத்துக்குக் கவலையில்லன்னு உண்மையையே சொல்லித் தொலைச்சிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.