குளத்துக் காய்ச்சலுக்கு வேர் தேடிப் புனேக்குப் போனேன்

போன கோடை வகுப்பு முடியும் சமயம், எங்கள் நீச்சல் குளத்துக்கு வந்த மூன்று குழந்தைகளுக்குக் காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு. கோவையில் அந்தக் குளத்தில் நான் பயிற்சியாளர். மூளையைச் சுற்றியுள்ள உறை வைரஸால் வீங்கியிருக்கிறது, மெனிஞ்சைட்டிஸ் என்றார்கள். ஊரில் வேறு சில குழந்தைகளுக்கும் வந்திருந்தது. குளத்தைப் பூட்டினார்கள். குழந்தைகளின் முதுகுத் தண்டில் எடுத்த நீர் புனேயில் உள்ள ஓர் ஆய்வகத்துக்குப் போனது. இருவர் தேறி வீடு திரும்பினார்கள். எட்டு வயது கீர்த்தனா மட்டும் ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள்.

"உங்க தண்ணியாலதானுங்களா?" என்று அவள் அம்மா மல்லிகா கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொண்டு வரலாம் என்று ரயில் ஏறினேன். இதே மாதிரி யாராவது கிளம்புவதாக இருந்தால், கடைசிவரை படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

காலையில் ஏறினால் மறுநாள் மதியம் புனே. வழியெல்லாம் போனில் படித்தேன். ஒரு பக்கம் தண்ணீர் என்றது, இன்னொன்று கை என்றது, மற்றொன்று தும்மல் என்றது. குந்தக்கல் தாண்டுவதற்குள் முன்பு தெரிந்ததும் குழம்பிப் போனது. ஸ்டேஷனிலிருந்து நான் தங்கப் போகும் ஏரவாடா ஐந்து கிலோமீட்டர். ஆட்டோ மீட்டர்படி நூறு ரூபாய் ஆனது. "கூம்னே ஆயே ஹோ?" என்றார் டிரைவர். சுற்றிப் பார்க்கத்தான் என்று தலையாட்டினேன். உண்மையைச் சொல்லும் அளவுக்கு என்னிடம் இந்தி இல்லை.

ஏரவாடாவில் என் கல்லூரித் தோழி ஸ்டெல்லா இருக்கிறாள். பள்ளி ஆசிரியை, பிறந்ததே புனேயில். "அரே, தனியா போகாத. நாளைக்கு ஸ்கூலுக்கு சுட்டி, லீவு போட்டுட்டு நானும் வரேன்" என்றாள். அவள் வந்ததால்தான் ஆய்வக வாசலைத் தாண்டினேன். காவலாளியிடம் மராட்டியில் என்ன பேசினாளோ, வெகுநேரம் கழித்து ஒரு தமிழ்ப் பெண் விஞ்ஞானி வரவேற்பறைக்கு வந்தார்.

"ரிப்போர்ட் சாம்பிள் அனுப்பின டாக்டருக்குத்தான் போகும். நோயாளிங்களப் பத்தி உங்ககிட்ட ஒண்ணும் சொல்ல முடியாதுங்க" என்றார். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, உட்கார்ந்து பொதுவாக விளக்கினார். வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது சின்னச் சின்னப் பிழைகள் விழும். ஒரே பிழைகள் இருந்தால் நெருங்கிய சொந்தம். அதை வைத்துக் கிளை பிரித்து மரம் வரைவார்கள்.

"அப்ப யாரு யாருக்குக் குடுத்தாங்கன்னு தெரிஞ்சிருமா?"

"சொந்தம் தெரியும். குடுத்தது யாரு, வாங்கினது யாருன்னு பெரும்பாலும் தெரியாது."

"குளத்துத் தண்ணிய டெஸ்ட் பண்ணி ஒண்ணும் இல்லைன்னு வந்தா?"

"குளோரின் போட்டப்புறம் எடுத்த தண்ணியா? அப்ப இருந்திருந்தாலும் கெடைக்காது." பிறகு என்னைப் பார்த்து, "அந்தச் சமயத்துல உங்க உடம்பு எப்படி இருந்துச்சு?" என்றார்.

இரண்டு நாள் தொண்டை வலி. உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு வகுப்புக்குப் போயிருந்தேன்.

"பெரியவங்களுக்கு அவ்வளவோட போயிரும். ஆனா வைரஸ் குடல்ல சில வாரம் தங்கும்."

"பஸ் பஸ், போதும், இவளப் பயமுறுத்தாதீங்க மேடம்" என்று ஸ்டெல்லா எழுந்துவிட்டாள். வெளியே வடாபாவ் வாங்கிக் கொடுத்தாள். நான்தானா? அதுவரை ஒரு தடவைகூட எனக்கு அது தோன்றவில்லை.

அங்கிருந்தே எங்கள் ஊர் சுகாதார அதிகாரிக்குப் போன் செய்தேன். "ரிப்போர்ட் நேத்தே வந்துருச்சேம்மா, நீங்க எதுக்கு அங்க போனீங்க?" என்றார். குளத்துக் குழந்தைகள் மூவரின் வைரஸும் ஒரே கிளை. ஆனால் எங்கள் குளத்தை எட்டிக்கூடப் பார்க்காத ஒரு குழந்தையுடையதும் அதே கிளைதான். நிம்மதிப்படுவதா, பயப்படுவதா?

ஊர் திரும்பியதும் நானே கேட்டு என் மலத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். முடிவு வந்தது. நானும் அதே கிளை. "நீங்க குடுத்ததா, அவங்ககிட்ட வாங்கினதா, சொல்ல முடியாதும்மா" என்றார் அதிகாரி.

ஆகவே, புனேக்குப் போகாதீர்கள். சாம்பிள் அனுப்பிய மருத்துவரிடமே கேளுங்கள். போயே ஆக வேண்டுமென்றால் வேலை நாளில், முன்அனுமதி வாங்கி, மராட்டி தெரிந்தவரோடு போங்கள். தொண்டை வலித்தாலும் வயிறு சரியில்லாவிட்டாலும் குளத்தில் இறங்காதீர்கள், பயிற்சியாளரும்தான்.

கீர்த்தனா அதற்குள் வீட்டுக்கு வந்திருந்தாள். மல்லிகாவிடம் நேரில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"அப்படீன்னா மிஸ், எம் பொண்ணுதான் உங்களுக்குக் குடுத்துட்டாளுங்களா?"