அவரைக்கு வந்த வேரழுகல்

குன்னத்தூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றுக்கு மின்சார மோட்டார் வந்த புதிது. மாடு பூட்டித் தண்ணீர் இறைத்துக் காய்த்துப்போன கைக்கு, சுவிட்சைத் தட்டினால் தண்ணீர் கொட்டியது முருகன் கொடுத்த வரமாகவே தெரிந்தது. அவரைப் பாத்தியில் ஈரம் காயும் முன்பே மறுபடி மடை திறந்துவிடுவேன். விதைத்தது, களையெடுத்தது எல்லாம் என் மனைவிதான். விடிந்ததும் முகம்கூடக் கழுவாமல் போய் அந்தச் செடிகளைத்தான் பார்ப்பாள்.

பூவெடுக்கும் சமயத்தில் செடிகள் வாடின. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் விட்டேன். நாலே நாளில் ஒரு பாத்தி முழுக்கச் சாய்ந்துவிட்டது. நான் கிருத்திகை விரதம் தவறாதவன். ஏதோ தெய்வக் குற்றம் என்றுதான் புத்தி போனது. மாதத்தில் அந்த மூன்று நாள் பெண்கள் செடிகொடியைத் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டுக் கட்டுப்பாடு.

"தூரமா இருந்தப்ப தோட்டத்துக்குள்ள போனியா?" என்று கேட்டேன். வேலையாட்கள் பக்கத்தில் நின்றிருந்தார்கள்.

"இல்லீங்க."

"பின்ன எப்படிச் செத்துச்சு? பொய் பேசாத."

அதன்பிறகு அவள் தோட்டத்துக்குள் கால் வைக்கவில்லை.

அடுத்த வாரம், ஊர் ஊராகப் போய் விவசாய யோசனை சொல்லும் கிராம சேவகர் சைக்கிளில் வந்தார். பாத்தியைப் பார்த்ததும் சிரித்தார்.

"ஏனுங்க, அவரை போட்டீங்களா, நெல்லு நட்டீங்களா?"

இரண்டு விரலால் ஒரு செடியை இழுத்தார். கையோடு வந்துவிட்டது. வேரின் தோல் கழன்று நாறியது. தண்டின் அடியில் பஞ்சுநூல் போல வெள்ளையாய்ப் படர்ந்து, நடுநடுவே கடுகு மாதிரி மணிகள்.

"இது பூஞ்சாணமுங்க. மண்ணுலயே கெடக்கும். தண்ணி தேங்குனா அதுக்குக் கொண்டாட்டம். எல்லாத்தையும் புடுங்கி எரிச்சுப் போடுங்க. வர்ற வருசம் இங்க அவரை வேண்டாம், சோளம் போடுங்க."

"இல்லீங்க, தீட்டுக் கீட்டு ஏதாச்சும்..." என்று இழுத்தேன்.

"மோட்டாரப் போட்டு உட்டது யாருங்க?"

அவருக்கு மோர் கொண்டுவந்த என் மனைவி வேலிக்கு அப்பால் நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும். செம்பை என்னிடம் நீட்டிவிட்டுத் திரும்பிப் போனாள்.

அன்று சாயங்காலம் முருகன் படத்தின் முன்னால் விழுந்து மன்னிப்புக் கேட்டேன். அடுப்படி அங்கிருந்து பத்தடிதான். அங்கே போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மறுவருஷம் ஆடியில் வேறு பாத்தியைத் தயார் செய்துவிட்டு, விதை போட அவளைக் கூப்பிட்டேன். வேலி வரைக்கும் வந்தாள். விதைச் சொப்பை என் கையில் வைத்தாள்.

"நீங்களே போடுங்க. நாளைக்கு ஒண்ணு வாடிப்போச்சுன்னா மறுக்கா என்னையத்தான் கேப்பீங்க."

தண்ணீரை அளந்துதான் விட்டேன். அந்த வருஷம் அவரை கொத்துக் கொத்தாய்க் காய்த்தது. பறிப்பதற்குக் கூலிக்கு ஆள் வைத்தேன்.