பொல்லு வரும் இடத்தில் நின்றேன்

போன மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்குக் கிட்டிய ஒரு சனிக்கிழமை காலை. மருதமுனையில் ஒரு பாடசாலை மண்டபத்தில் ஒத்திகை. நான் ட்ரம்பெட் வாசிப்பவன். கல்முனையில் தேவாலயப் பாடகர் குழுவோடு வாசித்துப் பழகிய எனக்கு, பொல்லடிக் குழுவோடு சேர்ந்து வாசிக்க அழைப்பு வந்திருந்தது. கையில் பொல்லு என்கிற கம்போடு வட்டமாகச் சுற்றி வந்து, பாட்டின் தாளத்துக்கு ஒருவர் பொல்லில் மற்றவர் பொல்லால் அடித்து ஆடுவார்களே, அதுதான். வட்டத்துக்கு நடுவில் நான். அன்று மாலையே கல்முனைத் தேவாலயத்தில் எங்கள் பாடகர் குழுவின் நத்தார் கச்சேரி. அதில் முதல்முறையாக எனக்குத் தனி வாசிப்பு. வீட்டில் எல்லோருடைய காதும் புளிக்கும்வரை பழகியிருந்தேன்.

பாடகர் குழுவில் தனி வாசிப்பு வந்தால் ஓரடி முன்னால் வந்து நிற்க வேண்டும். வாரக்கணக்காக அப்படியே பழகியதில் அது என் காலில் ஊறிப்போயிருந்தது. பொல்லடியைப் பாடி நடத்தும் அண்ணாவியார் பாட்டை நிறுத்தி, ஆட்டம் மட்டும் தொடர, என் முறை வந்ததும், கால் தன்பாட்டில் முன்னால் போய்விட்டது. பொல்லடியில் நடுவில் நிற்பவருக்கும் ஆடுபவர்களுக்கும் இடையே இடத்தைக் காலியாக வைத்திருப்பது ஆள் நிற்க அல்ல, பொல்லு வர. வந்தது. ட்ரம்பெட்டின் அகன்ற முனையில் பட்ட அடியில், ஊதும் முனை என் மேலுதட்டை நசுக்கிவிட்டது.

அடித்தவர் ஒரு நெசவாளி, என்னைவிட மூத்தவர். பொல்லைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அங்கே அண்ணனை நானா என்பார்கள். பிழை என்னுடையது, நானா என்று எத்தனை முறை சொல்லியும் கேட்கவில்லை. மோட்டார் சைக்கிளில் போய் ஐஸ் வாங்கிவந்து, தான் நெய்த துண்டிலேயே சுற்றித் தந்தார். உதடோ பணியாரம் மாதிரி வீங்கிவிட்டது. ஊதினால் வெறும் காற்று. அழுகை வந்துவிட்டது எனக்கு. மறைக்க என்ன இருக்கிறது?

மாலை கல்முனைக்குப் போனதும், பாடகர் குழுவை நடத்தும் சிஸ்டர் என் உதட்டைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். தாழ்ந்த சுரங்களாவது வருமா என்று மட்டும் கேட்டார். ஒருமாதிரி வந்தன. உயர்ந்த பகுதியைப் பெண்கள் பாடட்டும், நீங்கள் அடியில் வாசியுங்கள் என்றார். கச்சேரிக்குச் சற்று முன்னர் புதுப் பகுதியைக் கொடுத்தும் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

கச்சேரி தொடங்கியபோது, தேவாலயத்தின் கடைசி வரிசை வாங்கில் அந்த நெசவாளி தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். அவரை நான் எதிர்பார்க்கவில்லை. என் முறை வந்தது, ஓரடி முன்னால் வந்தேன். சத்தம் நடுங்கியது, ஆனால் உடையவில்லை. மேலே பெண்களின் குரல், அடியில் என் ட்ரம்பெட். நான் பழகிவைத்திருந்ததைவிட அது நன்றாகவே இருந்தது.

வெளியே வந்ததும் நெசவாளி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க ஊதி முடிக்குமட்டும் எனக்கு மூச்சே வரல்ல தம்பி. அல்ஹம்துலில்லாஹ்."

உதடு ஆறியபின் மீண்டும் பொல்லடி ஒத்திகை. நான் பயத்தில் பின்னால் ஒதுங்கி நின்றேன். அவர் அதைவிடப் பயத்தில் வெளியே தள்ளித் தள்ளி ஆடினார். அடுத்தவர் பொல்லுக்கு அவர் பொல்லு எட்டவேயில்லை. அண்ணாவியார் பாட்டை நிறுத்தினார்.

"ரெண்டு பேருக்கும் நடுவால லொறி போகும் போல இரிக்கி. இப்பிடிப் பயந்தா பாட்டு எப்பிடி எழும்பும்? கிட்ட வாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் நானும் ஒருவரையொருவர் பார்த்தபடி, ஆளுக்கு அரையடி கிட்ட வந்தோம்.

உதட்டில் ஒரு சின்னத் தழும்பு இன்னும் இருக்கிறது. ட்ரம்பெட்டை வைக்கும்போதெல்லாம் அது தட்டுப்படும். எனக்காக ஒரு மனிதர் கடைசி வாங்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாரே என்று நினைத்துக்கொண்டுதான் இன்றும் முதல் மூச்சை ஊதுகிறேன்.