கேரவனுக்கு அளவாக எண்ணெய்

வாடிப்பட்டிக்காரி முத்துச்செல்விக்கு வயது நாற்பத்திரண்டு. அவளைப் பெற்றவர்கள் அடுத்தவர் வயலில் களையெடுத்தே காலம் தள்ளியவர்கள். இவள் டிராக்டர் ஓட்டிப் பழகி, சிம்மக்கல்லில் ஆறு வருஷம் வாழைத்தார் ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டினாள். அதன் பிறகு சினிமா ஷூட்டிங்குக்குப் போகும் கேரவனுக்கு டிரைவரானாள். உள்ளே கட்டிலும் கண்ணாடியும் கக்கூஸும் உள்ள வண்டி அது. "பொம்பள ஓட்டுற வண்டியில எவன் ஏறுவான்?" என்று முதல் நாளே சொன்னவன் மேனேஜர் அசோக்குமார். முதலாளி விருமாண்டியின் மச்சினன். அவனை அவளுக்கும் ஆகாது.

போன மாசியில் திருவாதவூர்ப் பக்கம் ஷூட்டிங். கண்மாய்க்கரைச் சரிவில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும்படி வண்டியை நிறுத்தச் சொன்னதும் அவன்தான். நிறுத்திவிட்டு அவள் டீ குடிக்கப் போனாள். திரும்பி வந்தபோது பானெட் திறந்து கிடந்தது. கையில் எண்ணெய் மட்டம் பார்க்கும் ஆயில் ஸ்டிக்கோடு அசோக்குமார் நின்றான். காலடியில் இரண்டு காலி ஆயில் டப்பாக்கள்.

"ஆயில் அடிமட்டத்துக்கு இறங்கிருக்கு. எவன்கிட்ட வித்த? களவாணிக் கழுத!"

லைட்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு உச்சந்தலைவரை சுரீரென்று ஏறியது.

"எம்புட்டு ஊத்துனீங்க?"

"ரெண்டு லிட்டரு. உங்க அப்பன் வீட்டு எஞ்சினா?"

"வாய அளந்து பேசுங்க. எஞ்சின நிப்பாட்டுன கையோட ஸ்டிக்க உருவுனா ஆயில் கீழ இறங்காம எஞ்சினுக்கு மேலயேதான் நிக்கும். வண்டி வேற மேடேறி நிக்குது. ஆயிலெல்லாம் பின்னால ஒதுங்கிருக்கு. குச்சியில எப்படித் தெரியும்?"

"ஹீரோயின் வந்துருவாங்க. ஏசி ஓடணும். ஸ்டார்ட் பண்ணு."

"மாட்டேன். கூடிப் போன ஆயிலு நுரைச்சுப் புகையடிக்கும். எஞ்சின் போச்சுன்னா அதையும் என் தலையிலதான் கட்டுவீங்க."

அவன் சாவியைப் பறிக்கக் கையை நீட்டினான். அவள் அதை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள். ஸ்பேனரை எடுத்து, சக்கரங்களுக்குக் கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு வண்டிக்கடியில் படுத்தாள். கீழே எண்ணெய் வடிக்கும் நட்டைக் கொஞ்சமாகத் தளர்த்தினாள். சூடான எண்ணெய் முழங்கைவரை வழிந்து தோலைப் பொசுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு, அவன் ஊற்றிய அதே இரண்டு டப்பாக்களும் நிறையும்வரை பிடித்து, நட்டை இறுக்கினாள்.

பிறகு வண்டியைக் கரையிலிருந்து இறக்கி, நெல் காயப்போடும் சமதளத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள். எண்ணெய் அடிக்கு இறங்கட்டும் என்று பத்து நிமிஷம் விட்டாள். பத்து நிமிஷமும் அசோக்குமார் அவளைத் திட்டிக்கொண்டே இருந்தான்.

ஸ்டிக்கை உருவினாள். பனியன் வேஸ்ட் துணியால் துடைத்தாள். அடிவரை செருகி மறுபடி உருவி, அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். முழு அளவைக் காட்டும் மேல்கோட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றது எண்ணெய்.

"நீங்க ஊத்துனது டப்பாவுல இருக்கு. வண்டியில இருந்தது வண்டியில இருக்கு. வித்தது எங்க? சொல்லுங்க."

அவன் ஸ்டிக்கைப் பார்க்கவே இல்லை. "சரி சரி, ஏசியப் போடு" என்றான்.

"எல்லாருக்கும் முன்னால களவாணின்னீங்க. அது தப்புன்னும் எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க."

அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டான். அவள் முதலாளியைக் கூப்பிட்டாள். "பெருசு பண்ணாதம்மா, மச்சினன் கோவக்காரன். வேணும்னா நீ ஒரு மாசம் லீவு எடுத்துக்க" என்றார் விருமாண்டி.

"நான் எதுக்குண்ணே லீவு எடுக்கணும்? தப்புப் பண்ணவரு எடுக்கட்டும்."

யாரும் எடுக்கவில்லை. கொப்புளங்கள் ஆற இருபது நாளானது. அந்த இருபது நாளும் அவள்தான் ஓட்டினாள். பானெட்டுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டாள். அதன் சாவியை யாரிடமும் கொடுப்பதில்லை. அசோக்குமார் இப்போது அவளோடு நேரில் பேசுவது கிடையாது. மேக்கப்காரர் பேயாண்டியிடம் சொல்லி அனுப்புவான். அவர் வந்து சொல்லும்வரை, நாலடி தள்ளி அவன் கத்துவது காதில் விழுந்தாலும் அவள் ஸ்டியரிங்கைத் தொடமாட்டாள்.