மலையில் புற்று இல்லை

காளான் விஷயத்தில் என்னிடம் வாதாடி ஜெயித்தவர் யாரும் இல்லை. பள்ளிக்கூடத்தில் நான் இருந்தது கொஞ்ச காலம்தான், மிச்சமெல்லாம் ரோட்டில் படித்தது. இன்று கிள்ளானில் என் பெயர் போட்டு ஓடும் லோரிகளில் முதல் லோரியை நானே ஓட்டினேன். கேமரன் மலையிலிருந்து கோஸும் தக்காளியும் இறக்கினேன். ஏற்றத்தில் இஞ்சின் சூடேறிவிடும். அது ஆறும் வரை சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு வராது. காட்டோரம் இறங்கிப் பார்ப்பேன்.

எல்லாக் காளானும் எல்லா இடத்திலும் முளைப்பதில்லை. கீழே, ரப்பர், செம்பனைத் தோட்டங்களில், இடிமழைக்கு மறுநாள் புற்றுக்காளான் வரும். தோட்டத்தில் பிறந்த எங்களுக்கு அதுதான் கறி. பிடுங்கினால் தண்டு வால்போல நீண்டு மண்ணுக்குள் கறையான் புற்றுவரை போகும். மேலே ஏற ஏற வகை மாறும். விழுந்த மரங்களில் ஆரஞ்சு, ஊதா, பவளம்போலக் கிளை விட்டது. பாசி மூடிய உச்சிக் காட்டில் நகக்கண் அளவில் சில. அங்கேதான் பெரிய மரங்களின் வேரை ஒட்டி ஒரு வெள்ளைக் காளான் நிற்கும். பார்த்தால் புற்றுக்காளானேதான். ஆனால் அந்த உயரத்தில் நான் ஒரு புற்றைக்கூடக் கண்டதில்லை. தோண்டிப் பார்த்தால் வால் இருக்காது, உடைந்த முட்டை ஓடு மாதிரி அடியில் ஒரு பை இருக்கும். ரோட்டோரம் காளான் விற்கும் ஓராங் அஸ்லி பழங்குடிப் பெண்கள்கூட அதைத் தாண்டித்தான் நடப்பார்கள், கை வைக்க மாட்டார்கள்.

என் அண்ணனுக்கு இதெல்லாம் தெரியாது. தோட்டத்தை விட்டு வந்ததும் சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலைக்குள் நுழைந்தவர், ஓய்வு பெற்றுத்தான் வெளியே வந்தார். செந்தூலில் பிளாட் வீடு. அவர் மகளுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் கூடியது. இரண்டு குடும்பமும் பழகட்டும் என்று மலைமேல் ஒரு பங்களாவை நான்தான் ஏற்பாடு செய்தேன். அந்த வசதி எங்களில் வேறு யாருக்கு இருந்தது?

காலையில் மழை விட்டதும் அண்ணன் பங்களாவுக்குப் பின்னால் போனார். ஒரு கூடை வெள்ளைக் காளானோடு திரும்பினார்.

"சம்பந்தி, இது தோட்டத்து ஐட்டம். கேஎல்ல எந்தப் பாசார்லயும் கிடைக்காது லா!"

அண்ணி அடித்தண்டை நறுக்கி எறிந்துவிட்டு, மஞ்சளும் பூண்டும் போட்டுக் கொதிக்க வைத்தார். எங்கள் தோட்டத்தில் வீட்டுக்கு வீடு அதுதான் சோதனை. பூண்டு கறுத்தால் விஷம், கறுக்காவிட்டால் சாப்பிடலாம். அன்றைக்குப் பூண்டு கறுக்கவில்லை.

"அண்ணே, வேணாம். இது புத்துக்காளான் இல்ல" என்றேன்.

"பூண்டு கறுக்கலயேடா."

"பூண்டுக்கு என்ன தெரியும்? இந்த ஒசரத்துல புத்தே கிடையாது. அப்புறம் புத்துக்காளான் எங்கேருந்து வரும்?"

அண்ணன் சம்பந்தியைப் பார்த்துக் கண்ணடித்தார். "முதலாளி போஸ் சொல்லிட்டாரு. லோரி வாங்கினதிலேருந்து மழைகூட இவரைக் கேட்டுத்தான் பெய்யுது."

எல்லாரும் சிரித்தார்கள். நான் குப்பைக்கூடையில் கையை விட்டு, நறுக்கிப் போட்ட அடித்தண்டுகளை எடுத்து நீட்டினேன். பை அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

"சம்பந்தி முன்னால குப்பையக் கிளறுறியா?" அண்ணன் முகத்தில் சிரிப்பு இல்லை.

அதற்குள் அண்ணி சம்பந்திக்கு முதல் தட்டைக் கொடுத்துவிட்டார். இனிப் பேசிப் பயனில்லை. சம்பந்தி கையிலிருந்த தட்டைப் பிடுங்கினேன். சட்டியையும் தூக்கிப்போய் வாசல் கால்வாயில் கவிழ்த்தேன். மத்தியானத்துக்குள் எல்லாரும் மலையிறங்கிவிட்டார்கள். என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

யாரும் சாப்பிடவில்லை, அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒருவருக்கு வயிற்றைப் புரட்டியிருந்தால்கூட நான் உயிர் காத்தவன். ஒன்றும் ஆகாததால் திமிர் பிடித்தவன்.

கல்யாணம் உறுதியானது. ஊரெல்லாம் தாம்பூலத் தட்டோடு போய்ப் பத்திரிகை வைத்த அண்ணன், கூடப் பிறந்த எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். ரோஷத்தை விழுங்கிக்கொண்டு செந்தூலுக்குப் போனேன். அண்ணி கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். தண்ணீர்கூட வரவில்லை.

"அண்ணே, அதைச் சாப்பிட்டிருந்தா இந்த வீட்ல கல்யாணமா நடக்கும்? வேற காரியம் நடந்திருக்கும்."

அண்ணன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நடந்திருக்கட்டும்டா. குடும்பத்துக்குப் பெரியவனா செத்திருப்பேன். இப்ப சம்பந்தி வீட்ல நான் எது சொன்னாலும், 'உங்க தம்பிகிட்ட கேட்டுட்டீங்களா'ங்கறாங்க."

நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. கிள்ளானில்தான் மண்டபம். என் லோரி ஓட்டுநர்கள்கூடப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். சம்பந்தி நன்றாகச் சாப்பிட்டாராம், அண்ணன் வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கைகூப்பி வரவேற்றாராம். இப்போது பேரனும் பிறந்துவிட்டான். உயிரோடிருப்பவர்கள் செய்வதையெல்லாம் குறைவில்லாமல் செய்துகொண்டிருக்கிறார்கள், என்னைக் கூப்பிடுவதைத் தவிர.