உப்பில் புதைத்த ஜிம்மி

நம்புகிறவர்கள் நம்புங்கள். பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. 2005இல் மரக்காணம் உப்பளத்தில் நடந்தது இது. இருட்டில் அல்ல, உச்சி வெயிலில்.

ஜிம்மி எங்கள் வீட்டு நாய். செல்லம் என்றால் அப்படி ஒரு செல்லம். சுனாமி வந்த காலையில், கடற்கரையில் விளையாடிக்கொண்டிருந்த என் மகள் பூவிழியின் பாவாடையைக் கவ்வி ரோடு வரைக்கும் இழுத்து வந்தது அதுதான். புதுமை, ஆண்டவர் செய்த அற்புதம் என்று ஊரே கொண்டாடியது. மாலை போட்டார்கள். பொறை வாங்கி வந்து போட்டார்கள்.

ஜனவரியில் அது நடராசன் வீட்டைப் பார்த்து ஊளையிட்டது. மறுநாள் பாம்பு கடித்து அவர் செத்தார். பிப்ரவரியில் பாஞ்சாலை வீட்டைப் பார்த்து ஊளையிட்டது. மறுநாள் அவளும் போய்ச் சேர்ந்தாள். மாலை போட்டவர்களே கல்லெடுத்து அடித்தார்கள்.

ஊர்ப் பெரியவர் ராஜாங்கம் என் வீட்டுக்கு வந்தார். மெல்ல என் தோளில் கை வைத்தார்.

"ஒரு தடவை நடந்தா புதுமைப்பா. திரும்பத் திரும்ப நடந்தா ஊர் தாங்காது. கயிறு எடுத்துட்டு வா."

ஊரைப் பகைத்துக்கொண்டு எங்கே போய்ப் பிழைப்பது? எடுத்துக்கொண்டு போனேன். கயிற்றைப் பார்த்து ஜிம்மி வாலாட்டியது...

உப்பைத் தாண்டி எதுவும் திரும்பி வராது என்று சொல்லி, உப்பளத்து ஓரம் வெட்டிய குழியில் அதன் உடலைப் போட்டு, மூன்று மூட்டை உப்பைக் கொட்டி மூடினோம். உப்புப் போட்ட மீன் கெடாது என்பது எங்களுக்குத் தெரியாதா? அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஈஸ்டர் முடிந்து இரண்டாவது செவ்வாய். பகல் 12.10. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் மட்டும் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தேன்.

சரக்... சரக்...

திரும்பினேன். யாரும் இல்லை.

வரப்பில் சிந்திக் கிடந்த உப்பில் கால்தடம். நாய்த்தடம். குழியில் தொடங்கி என் வீட்டுப் பக்கமாகப் போனது.

குழி மூடியபடியே இருந்தது.

ஓடினேன். 12.20. வாசலில் பூவிழி நின்றாள். ஈஸ்டருக்குத் தைத்த நீலப் பாவாடை. அதன் ஓரம் கிழிந்திருந்தது. அவள் உள்ளங்கையெல்லாம் உப்பு...

"ஜிம்மி வந்துச்சுப்பா."

"எங்க?"

"ரோட்டுப் பக்கமா இழுத்துச்சு. அப்பா வரட்டும்னு சொன்னேன். போயிடுச்சு."

அப்போதே அவளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்க வேண்டும். பயத்தில் புத்தி வேலை செய்யவில்லை. ராஜாங்கத்திடம் ஓடித் தடத்தைப் பற்றிச் சொன்னேன். பாவாடையைப் பற்றிச் சொல்லவில்லை.

மாலை 4.30. ஊரே கூடிக் குழியைத் தோண்டியது. வீட்டில் தனியே விடப் பயந்து பூவிழியையும் கூட்டிப் போயிருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

புதைத்த அன்று எப்படி இருந்ததோ, அப்படியே இருந்தது ஜிம்மி. ஒரு முடிகூட உதிரவில்லை.

வாய் இறுக மூடியிருந்தது.

பல்லிடுக்கில் துணி...

நீலத் துணி.

ஜிம்மியைப் புதைத்தது மார்ச் ஒன்று. பாவாடைக்குத் துணி எடுத்தது மார்ச் இருபது.

எல்லோரும் அந்தத் துணியைப் பார்த்தார்கள். பிறகு பூவிழியைப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்றவர்கள் அவளை விட்டு விலகி நின்றார்கள்.

ராஜாங்கம் மெல்ல என் தோளில் கை வைத்தார்.