பிரித்தல் என்ற கட்டத்தில் நான் போட்ட டிக்

பக்கத்து வீட்டு முகப்பு போன வருடம் எப்படித் தப்பித்தது என்று தெருவில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வதை நீங்கள் இருவரும் கேட்டிருப்பீர்கள். அந்த வீட்டுக்கு வந்த சிக்கலே உங்கள் அப்பாவின் பேனாவால் வந்தது என்பதை மட்டும் யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். மரியாதைக்காக மறைத்திருப்பார்கள். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

நான் பத்தாவது வரை படித்தவன். ஏலக்காய்க் கடையில் எடை போடுவது வேலை. ஆனால் என் கையெழுத்து அச்சுப் போல இருக்கும் என்று தெருவில் ஒரு பெயர் உண்டு. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, கரண்ட் கனெக்‌ஷனைப் பெயர் மாற்ற, எதற்குப் படிவம் வந்தாலும் என்னிடம்தான் வரும். எனக்கும் அதில் பெருமை. அந்தப் பெருமையில், படிவத்தைப் படிக்கிற வேகத்தைவிட எழுதுகிற வேகம் எனக்கு அதிகமாகிவிட்டது.

நம் தெரு பழைய வியாபாரிகள் கட்டிய தெரு. இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் ஓட்டு வீடுகள், சுண்ணாம்பு பூசிய முகப்புகள். சில வருடங்களுக்கு முன்பு இதைப் பாரம்பரியத் தெரு என்று அறிவித்தார்கள். அதிலிருந்து வீட்டுக்குள் எது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். தெருவைப் பார்த்த பக்கத்தில் கை வைப்பதென்றால் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கென்று போட்ட குழு வந்து பார்த்து எழுத்தில் சம்மதம் கொடுத்த பிறகுதான் வேலை. முதலில் எல்லோரும் முணுமுணுத்தோம். நானும்தான்.

அந்தப் பக்கத்து வீட்டில் இருக்கிற, நீங்கள் பெரியம்மா என்று கூப்பிடுகிறவர் எனக்கு மதினி முறை. அவர் கணவர், எனக்கு அண்ணன் முறை, கேரளப் பக்கம் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறார். மாதம் இரண்டு தடவை வருவார். மதினி வீட்டோடு சேர்த்து மாவு மில் நடத்துகிறார். அந்த வீட்டில் ஓடும் முன்சுவரும் சேருகிற இடத்தில் தண்ணீர் இறங்கி இறங்கி, சுவரின் மேல்பாகம் ஊறி வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. ஓடு மேய்கிறவர் வருசநாட்டுப் பக்கத்துக்காரர். ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"ஆத்தா, ரீப்பரு பூராம் செத்துப்போச்சு. ஐப்பசி மழைக்கு முன்னாடி பிரிச்சு மேஞ்சுட்டா சுவரு நிக்கும். இல்லேன்னா சுவரு தெருவுல கெடக்கும். சொல்லிப்புட்டேன்."

மதினி அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தார். மழைக்கு முன் வேலை நடக்காவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டுப் பழனிசெட்டிபட்டிக்கு வாடகைக்குப் போய்விடுவது. அங்கே ஒரு வீடும் பார்த்து வைத்துவிட்டார். மில் மிஷினை எப்படிக் கழற்றிக் கொண்டுபோவது என்றுகூட விசாரித்தார்.

நம் பக்கத்தில் 'வீட்டைப் பிரிச்சு மேயுறது' என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஓட்டை இறக்கி, ஓட்டைத் தாங்குகிற ரீப்பர் சட்டங்களில் உளுத்ததை மாற்றி, அதே ஓட்டைத் திரும்ப அடுக்குவது. அவ்வளவுதான். சுவர் பக்கமே யாரும் போக மாட்டார்கள். கூரை வீட்டுக் காலத்துப் பேச்சு, ஓடு வந்த பிறகும் மாறவில்லை.

படிவத்தில் 'வேலையின் தன்மை' என்று போட்டு மூன்று கட்டங்கள் இருந்தன. பழுதுபார்த்தல். மாற்றியமைத்தல். மூன்றாவது, இடித்தல் அல்லது பிரித்தல். என் கண்ணில் 'பிரித்தல்' மட்டும் பட்டது. ஓட்டைத்தானே பிரிக்கப் போகிறோம்! பெரிதாக ஒரு டிக் போட்டேன். கீழே விவரம் எழுதுகிற இடத்தில், 'வீட்டை முழுவதுமாகப் பிரித்து மேய அனுமதி வேண்டுகிறேன்' என்று எழுதினேன். அந்த 'முழுவதுமாக' மதினி சொன்னதில்லை. வாக்கியம் கம்பீரமாக இருக்கட்டும் என்று நான் சேர்த்தது.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. பாரம்பரியத் தெருவில் வீட்டை முழுவதுமாகப் பிரிக்க முடியாது, குழு நேரில் வந்து பார்க்கும்வரை எந்த வேலையும் தொடங்கக் கூடாது என்று இருந்தது.

மதினி கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"ஏ கொழுந்தனாரே, நான் எப்பய்யா வீட்டை இடிக்கணும்னு சொன்னேன்? எவனோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கான். எனக்குத் தெரியும் அது யாருன்னு."

எதிர் வீட்டுக்காரரைத்தான் சொன்னார். மில் தூசி தன் வீட்டுக்குள் வருகிறது என்று அவர் முன்பு ஒரு தடவை சத்தம் போட்டிருந்தார். நான் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். 'முழுவதுமாக' என்ற வார்த்தை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. "என்னன்னு பார்ப்போம் மதினி" என்று மட்டும் சொன்னேன். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம்.

வீட்டில் படிவத்தின் ஜெராக்ஸ் இருந்தது. எடுத்துப் பார்த்தால் மூன்றாவது கட்டத்தில் என் டிக், மம்பட்டி மாதிரி. உங்கள் அம்மா வந்து நின்றாள்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீக?"

ஜெராக்ஸை நீட்டினேன். படித்தாள்.

"இடித்தல்னு போட்டிருக்கே, அது கண்ணுல படலையா?"

"பட்டிருந்தா போடுவேனா?"

"போங்க. போயி இப்பவே சொல்லிட்டு வாங்க. அந்தக்கா எதிர் வீட்டுல சண்டைக்கு நிக்கப்போறாக."

நான் செருப்பைப் போடுவதற்குள் மதினி அங்கே போய்விட்டார். எதிர் வீட்டு வாசலில் நின்று கையை நீட்டிப் பேசுகிறார். எதிர் வீட்டுக்காரர் இடுப்புத் துண்டோடு, ஒன்றும் புரியாமல் விழித்துக்கொண்டு நிற்கிறார். நாலு வீட்டு ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். நடுத்தெருவில், அத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

"மதினி, அவரை விடுங்க. மொட்டைக் கடுதாசி எல்லாம் ஒண்ணும் இல்லை. தப்பா டிக் போட்டது நான்தான்."

ஜெராக்ஸைக் காட்டினேன். மதினி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கையெழுத்து நல்லாருக்கேன்னு குடுத்தேன். என் வீட்டையே மேஞ்சுட்டீகளே!"

எதிர் வீட்டுக்காரருக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. "மாடு மேஞ்சாக்கூட வேரை விட்டு வைக்கும்" என்றார். தெருவே சிரித்தது. மதினி சிரிக்கவில்லை. "மழை வர்றதுக்கு எத்தனை நாளு இருக்கு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தச் சிரிப்பைவிட அந்தக் கேள்விதான் எனக்கு உறைத்தது.

குழு என்று வந்தது இரண்டு பேர். வெளியூரிலிருந்து வந்த பொறியாளர் அம்மா ஒருவர், படிவம் வாங்குகிற ஆபீஸிலிருந்து கிளார்க் ஒருவர். நான் கடைக்கு லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தேன். அந்த அம்மாவிடம் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். பிரித்து மேய்வது என்றால் என்ன என்றும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"எங்க ஊர்ல ஒருத்தனைப் பிரிச்சு மேஞ்சுட்டாங்கன்னா, அடிச்சு வெளுத்துட்டாங்கன்னு அர்த்தம். நான் அந்த மாதிரிதான் ஏதோன்னு நினைச்சேன்."

எனக்கு நிம்மதி வந்தது. உடனே அவர் சொன்னார்: "ஆனா நீங்க சொல்றதை மட்டும் வச்சு நான் மாத்தி எழுத முடியாதுங்க. வேலையை எப்படிச் செய்வாங்கன்னு நான் பார்க்கணும்."

ஓடு மேய்கிறவர் ஏணி போட்டு ஏறினார். முன்பக்கத்தில் ஒரே ஒரு வரிசையை மட்டும் இறக்கினார். இறக்கிய ஓட்டை ஒவ்வொன்றாக விரலால் சுண்டினார். கணீரென்று கேட்டால் ஒரு பக்கம், மந்தமாகக் கேட்டால் இன்னொரு பக்கம். "நல்ல ஓடு எல்லாம் ரோட்டுப் பக்கம் திரும்ப ஏறிரும்மா. கொறையுறதுக்குப் பின்பக்கத்து ஓட்டை எடுத்துக்கிருவேன். பின்பக்கம் வேணா புது ஓடு போட்டுக்கிரலாம். தெருவுல நின்னு பாத்தா மாத்துனதே தெரியாது" என்றார். பிறகு அதே வரிசையை அதே இடத்தில் அடுக்கிக் காட்டினார். அந்த அம்மா போட்டோ எடுத்துக்கொண்டார்.

அதோடு முடியவில்லை. அவர் சுவரை விரல் கணுவால் தட்டிக்கொண்டே போனார். வயிறு தள்ளிய இடத்துக்குக் கீழே சிமெண்டுப் பூச்சு ஒன்று இருந்தது.

"இதை யார் பூசினது?"

"எங்க வீட்டுக்காரகதான். தண்ணி இறங்குதேன்னு லீவுல வந்தப்ப பூசுனாக" என்றார் மதினி, கொஞ்சம் பெருமையாகவே.

"மேலேருந்து இறங்குற தண்ணியை வெளிய விடாம உள்ளயே பிடிச்சு வச்சிருக்கறது இதுதாம்மா. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான் பூசணும். இதைக் கொத்தி எடுத்துடுங்க. அந்தத் தகரத்தையும் எடுக்கணும்."

மாவு அரைக்க வருகிறவர்கள் நிற்பதற்காகச் சுவரில் போல்ட் அடித்து மாட்டிய தகரம் அது. மதினி விடவில்லை.

"தகரத்தை எடுத்துட்டா வர்ற பொம்பளைக வெயில்ல நிப்பாகளா? நீங்க வந்து குடை பிடிப்பீகளா?"

அந்த அம்மா கோபப்படவில்லை. தகரத்துக்கு அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். தகரத்தில் விழுகிற தண்ணீர் போல்ட் ஓட்டை வழியாகச் சுவருக்குள் போன தடத்தைக் காட்டினார். மதினியும் அண்ணாந்து பார்த்தார். கடைசியில் சுவரைத் தொடாமல் இரண்டு கம்பி நட்டு, மடக்குகிற துணிப் பந்தல் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவானது.

கிளார்க் பையிலிருந்து புதுப் படிவம் எடுத்தார். என் பக்கமாக நீட்டினார். நான் கையை நீட்டவில்லை. மதினி அதை வாங்கி, பேனாவோடு என் கையில் வைத்தார்.

"எழுதுங்க. ஆனா வாய்விட்டுப் படிச்சுக்கிட்டே எழுதணும். நாங்க எல்லாரும் கேக்கோம்."

மில் வாசலில் மாவு மூட்டை மேல் படிவத்தை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உரக்கப் படித்துப் படித்து எழுதினேன். பழுதுபார்த்தல், டிக். ஓடுகளை இறக்கி, ரீப்பர் மாற்றி, அதே ஓடுகளைத் திரும்ப அடுக்குதல். சிமெண்டுப் பூச்சை நீக்கிச் சுண்ணாம்பு பூசுதல். தகரத்தை அகற்றுதல். எதிர் வீட்டுக்காரர் தன் வாசலிலிருந்தே, "சுவரை இடிக்க மாட்டோம்னு ஒரு வரி சேத்துக்கங்க, எதுக்கும் இருக்கட்டும்" என்றார். அதையும் சேர்த்தேன். மதினி அப்போதுதான் சிரித்தார்.

ஆறாம் நாள் சம்மதக் கடிதம் வந்தது. மறுநாள் காலையில் ஏணி ஏறிவிட்டது. முதலில் முன்பக்கம். கடை விட்டு வந்ததும் நானும் ஓடு தூக்கிக் கொடுத்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். சிமெண்டைக் கொத்தியபோது உள்ளே செங்கல் பிசுபிசுவென்று இருந்தது. காற்றுப்பட ஒரு வாரம் விட்டுத்தான் சுண்ணாம்பு பூசினார்கள்.

பின்பக்கம் பாதி வேலை மிச்சம் இருந்தபோது மழை வந்துவிட்டது. அந்தப் பாதிக்குத் தார்ப்பாய் போட்டிருந்தோம், அங்கே கொஞ்சம் ஒழுகத்தான் செய்தது. நானும் உங்கள் அம்மாவும் ஓடிப்போய்ப் பார்த்தோம். அண்ணன் அன்றைக்கு ஊரில் இருந்தார். முன்னறையில் நின்று சுவரின் மேல்பாகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டில் மழை கொட்டுகிற சத்தம், எங்களுக்குள் பேச்சே கேட்கவில்லை. ஒரு மணி நேரம் பெய்தது. சுவரில் ஒரு சொட்டு இறங்கவில்லை. அண்ணன் ஸ்டூல் மேல் ஏறிக் கையை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, மதினியைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

மதினி போனை எடுத்தார். பழனிசெட்டிபட்டி வீட்டுக்காரருக்கு.

"அய்யா, வீட்டை வேற யாருக்காச்சும் விட்டுருங்க. நாங்க வரலை. இங்கனயே இருந்துக்கிறோம்" என்றார். அந்தப் பக்கம் சரியாகக் கேட்கவில்லை போல. இன்னும் சத்தமாக, மழைக்கு மேலே கேட்கிற மாதிரி, "இங்கனயே இருந்துக்கிறோம்!" என்றார்.